“எனக்கென்ன குறை?” – ஆண், பெண் மனநிறைவும் கேட்கப்படாத ஆசைகளும்

நம் வீட்டுப் பெண்களிடம் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அல்ஹம்துலில்லாஹ், எனக்கென்ன குறை?” ஆண்களிடம் கேட்டால், “ஏதோ ஓடுது பாய்” என்பார்கள். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டுமே முழுப் பதிலும் இல்லை.

மனநிறைவு என்பது ஒன்று. இன்னும் என்ன வேண்டும் என்று உள்ளுக்குள் இருக்கும் ஆசை வேறொன்று. இருப்பதில் நிறைவடைந்து நன்றி செலுத்துவது ஈமானுள்ளவரின் பண்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவர் நன்றி செலுத்துகிறார் என்பதற்காக அவருக்குத் தேவையே இல்லை என்று மற்றவர் முடிவு கட்டிவிட முடியுமா? ஆணுடைய நிறைவும் பெண்ணுடைய நிறைவும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுகின்றனவா? இந்தக் கேள்விகளை உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டு மலை ஒன்றிலிருந்தும் இதற்கு நல்லதொரு பாடம் கிடைத்திருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

கொல்லிமலை சொல்லும் பாடம்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருவது கொல்லிமலை. சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். அங்குள்ள ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்று அழைப்பார்கள். வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, எடப்புளி நாடு என்று அந்த வரிசை போகும். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ்தான் பேசுகிறார்கள்.

இந்த மலையின் பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு லாரியில் ஏறி, சேலம், நாமக்கல் பகுதி சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. நோன்பு காலத்திலும் பெருநாளிலும் நாம் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசத்தில் இந்த மலையின் கிழங்கும் இருக்கக்கூடும்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இந்த மாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். சத்தான உணவு போய்விட்டதே, பாரம்பரிய விதைகள் அழிகின்றனவே, விற்கும் பயிர் வந்தால் பணம் ஆணின் கைக்குப் போய்ப் பெண்ணின் நிலை தாழுமே என்றெல்லாம் சொன்னார்கள். இந்தக் கவலைகளில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் கொல்லிமலை ஊர்களில் தங்கி இதை விசாரித்தார். 2006-லும் 2009-லும் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. மரவள்ளிக்கு மாறியது யாரோ கட்டாயப்படுத்தியதால் மட்டும் அல்ல என்பது அவருடைய முடிவு. மழை முன்போல நம்பும்படி இல்லை. கையில் பணம் இருந்தால் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், வீட்டைத் திருத்திக் கட்டலாம் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. பெண்கள் சொன்னதோ பலருக்கும் வியப்பாக இருந்தது. இப்போது வாழ்க்கை எளிதாகிவிட்டது என்பதே அவர்கள் பேச்சின் சாரம்.

காரணம் உரலும் உலக்கையும். சாமையை அறுத்து வந்தால் அப்படியே சோறு ஆகிவிடாது. காய வைக்க வேண்டும், குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். காட்டில் வேலை, விறகு, தண்ணீர், குழந்தை எல்லாம் முடிந்த பிறகு இந்த வேலை. குத்தியவர்கள் பெண்கள். அதைச் சத்தான சாப்பாடு என்று பாராட்டியவர்களில் பெரும்பாலோர் உலக்கை பிடிக்காதவர்கள். மரவள்ளியை விற்று ரேஷன் அரிசி வாங்கினால் அந்தக் குத்தல் வேலை மிச்சம்.

ஆகவே அந்தப் பெண்கள் சாமையை வெறுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் விரும்பாதது உலக்கையைத்தான். இதைப் புரிந்துகொண்டதால்தான், 1990-களிலிருந்து அங்கே பணியாற்றும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. சிறுதானியம் அரைக்கும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் சாமை, தினையிலிருந்து மாவும் பிற உணவுப் பொருள்களும் செய்து விற்க வழி செய்தது. உலக்கை போனால் சாமைக்கு மறுபடியும் இடம் உண்டு என்பது அப்போது தெரிந்தது.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே நிலம், ஒரே பயிர். ஆனால் ஆணுக்கு அதில் தெரிந்த லாபமும் பெண்ணுக்குத் தெரிந்த லாபமும் ஒன்றல்ல. அவன் கணக்கு ரூபாயில். அவளுடைய கணக்கில் ரூபாயோடு கை வலியும் தூக்கமும் சேர்ந்திருந்தன. கேட்கும் வரை அந்த இரண்டாவது கணக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஏணியின் எந்தப் படி?

மனநிறைவை எப்படி அளக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1965-ல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய முறையைக் கொடுத்தார். ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை உச்சியில். மிக மோசமான வாழ்க்கை அடியில். இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவது இந்த ஏணிக் கேள்வியின் விடைகளை வைத்துத்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உச்சிப்படி எங்கே இருக்கிறது என்பதைப் பதில் சொல்பவரே முடிவு செய்கிறார். டாக்டராக ஆசைப்பட்ட ஒருவர் கம்பவுண்டராக இருந்தால் 5 என்பார். பள்ளிக்கூட வாசலையே எதிர்பார்க்காத ஒருவருக்கு அதே கம்பவுண்டர் வேலை 9-ஆகத் தெரியும். ஆக, ஒருவர் 8 என்று சொன்னால் அவர் உயரத்தில் நிற்கிறார் என்றும் பொருள் கொள்ளலாம். அவருடைய ஏணியே குட்டையானது என்றும் பொருள் கொள்ளலாம்.

ஆண், பெண் வேறுபாட்டை இந்த வழியில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் ஆன்கே பிளாக்னோலும் ரிச்சர்ட் ஈஸ்டர்லினும். அமெரிக்கர்களின் பல ஆண்டுத் தரவுகளை வைத்து 2008-ல் அவர்கள் எழுதினார்கள். இளம் வயதில் பெண்கள் ஆண்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். 48 வயதை ஒட்டி நிலைமை மாறுகிறது. அதற்குப் பிறகு ஆண்களே அதிக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பண நிலையைப் பற்றிய நிறைவில் இந்தத் திருப்பம் 41 வயதிலும், குடும்ப வாழ்வைப் பற்றிய நிறைவில் 64 வயதிலும் வருகிறது.

ஏன் இப்படி? ஆசைக்கும் அடைந்ததற்கும் உள்ள இடைவெளிதான் காரணம் என்கிறார்கள். இளமையில் திருமணம், குடும்பம், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் பெண்கள் தாங்கள் விரும்பியதைச் சீக்கிரம் அடைகிறார்கள். ஆண்களின் ஆசைப் பட்டியல் அப்போது பெரும்பாலும் நிறைவேறாமல் கிடக்கிறது. வயதாக ஆக ஆண்கள் ஒவ்வொன்றாக அடைகிறார்கள். பெண்களோ பிரிவாலும் கணவரின் இறப்பாலும் தனித்துப் போகிறார்கள். அமெரிக்காவின் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் திருமணமான புதிதில் சிரித்த முகமாக இருந்த பெண் ஐம்பதில் ஏன் வாடிப் போகிறாள், இருபத்தைந்தில் எரிந்து விழுந்துகொண்டிருந்த பையன் ஐம்பதில் எப்படி அமைதியாகிறான் என்று யோசிக்க இது உதவும்.

பதிலை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்திய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நிலை பற்றிக் கேட்டார்கள். நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை அவ்வளவு நன்றாக இல்லை என்றோ சொன்ன ஆண்கள் 48.5 விழுக்காடு. பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே.

அந்த விதவைகள் எல்லோரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்களா? இல்லை. அந்தக் காலத்தில் விதவைகளின் நிலை ஆண்களைவிட மோசம் என்பது தெரிந்ததே. தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்றே அவர்களில் பலர் நினைக்கவில்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது இதற்காகத்தான். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்ந்தவர் தன் ஆசையையே சுருக்கிக்கொள்கிறார். குறை சொல்லாததால் குறை இல்லை என்று ஆகிவிடாது.

இன்றைக்கும் இதன் சாயல் தெரிகிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையின் 2024 பதிப்பில் இந்திய முதியோரைப் பற்றித் தனிப் பகுதி ஒன்று இருந்தது. சராசரியாகப் பார்த்தால் முதிய ஆண்களே அதிக நிறைவோடு இருக்கிறார்கள். ஆனால் கல்வி, உடல்நலம் போன்ற மற்ற வேறுபாடுகளைச் சமன்படுத்திக் கணக்கிட்டால் முதிய பெண்களின் நிறைவு கூடுதல் என்று அது சொன்னது. அதாவது, கிடைத்தது குறைவாக இருந்தும் அதைக்கொண்டு நிறைவடையும் தன்மை பெண்களிடம் அதிகம். உலகச் சுகாதார நிறுவனமோ மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்கிறது. நிறைவும் சோர்வும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதையே இவை காட்டுகின்றன.

ஆண்களும் சொல்வதில்லை

இது பெண்களைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினைகளே முதலிடம். “ஏதோ ஓடுது” என்ற பதிலுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் பையன்களின் ஆசையையும் நாம் சுருக்கித்தான் வைத்திருக்கிறோம். பெண்ணுக்கு ‘நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும்’ என்ற ஒரே வாசல். பையனுக்கு ‘சம்பாதிக்க வேண்டும்’ என்ற ஒரே வாசல். பத்தாம் வகுப்பு முடித்த பையனைக் கடையில் நிறுத்துகிறோம், அல்லது விசாவுக்கு ஆளைப் பார்க்கிறோம். அவனுக்கு வாத்தியாராக ஆசையா, மரவேலையில் ஆசையா, கிதாபு ஓதி ஆலிமாக ஆசையா என்பது பேச்சிலேயே வருவதில்லை. தங்கையின் கல்யாணக் கடனும் வீட்டுக் கடனும் அவனுடைய இலட்சியமாகிவிடுகின்றன. அழுதால் ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்கிறோம். நாற்பதில் அவன் பேசுவதையே நிறுத்திவிடுகிறான்.

நேரம் என்ற செல்வம்

மனநிறைவில் ஆண், பெண் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இன்னொரு கணக்கும் தேவை. அது நேரக் கணக்கு. மத்திய அரசு 2019-லும் 2024-லும் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் ஊதியம் இல்லாத அந்த வேலைக்கு 2019-ல் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024-ல் இது 289-ம் 88-ம் ஆனது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களில் ஐந்தில் நான்கு பேர் அன்றாடம் இந்த வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் நான்கில் ஒருவர்தான். மற்றவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கொல்லிமலையின் உலக்கை நம் சமையலறையில் வேறு வடிவத்தில் இருக்கிறது. விருந்தினருக்குப் பிரியாணி, பெருநாளுக்குப் பலகாரம், நோன்பில் ஸஹருக்கு எழுந்து சமைப்பது என்று அது தொடர்கிறது. சாப்பாட்டைப் பாராட்டுகிறோம். உலக்கையைப் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு ஆலிமா வகுப்புக்குப் போகவோ, தையல் கற்கவோ, பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்கவோ ஆசை இருந்தால், அதற்கு முதலில் வேண்டியது பணம் அல்ல. இரண்டு மணி நேரம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாருக்கான பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்த செய்தி புகாரீயில் இடம்பெற்றுள்ளது. மஸ்ஜிதில் முதல் ஸஃப்பில் நிற்கும் நாம், வீட்டில் இந்த சுன்னத்தை எந்த ஸஃப்பில் வைத்திருக்கிறோம்?

சபுராளி வீடுகள்

கடற்கரை ஊர்களில் சபுராளி என்ற சொல் தெரியாதவர் இல்லை. அத்தா, வாப்பா, மச்சான் என்று வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பிழைப்பவர்கள். இந்த வீடுகளில் ஆண், பெண் ஆசைகளின் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அவருடைய ஆசை: மாடி வீடு, பிள்ளைகளின் படிப்பு, ஊர் மெச்சும் கல்யாணம். அதற்காக இளமையைப் பாலைவனத்தில் கொடுக்கிறார். மனைவியைக் கேட்டால், வீடு சிறியதாக இருந்தாலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பவர்கள் பலர். ஒருவர் அனுப்புவது மற்றவர் கேட்டது அல்ல. இரண்டு பக்கமும் தியாகம்தான். ஆனால் தியாகம் ஒன்றையொன்று சந்திக்காமலே இருபது வருடம் போய்விடுகிறது. குடும்ப வழக்குகள் ஜமாஅத்துக்கு வரும்போது கணவர் சொல்வது, “இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?” மனைவி சொல்வது, “என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?” இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கிறது. அதுதான் வருத்தம்.

கணவர் வெளியூரில் இருக்கும் இந்தியப் பெண்களைப் பற்றி சோனல்டே தேசாயும் மஞ்ஜிஸ்தா பானர்ஜியும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனிக் குடும்பமாக இருக்கும் பெண்களுக்குப் பொறுப்பும் கூடுகிறது, தாமாக முடிவெடுக்கும் சுதந்திரமும் கூடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்களுக்கு இரண்டுமே அவ்வளவாகக் கூடுவதில்லை. ஆக, கணவர் அனுப்பும் பணம் மட்டும் ஒரு பெண்ணின் நிலையை முடிவு செய்வதில்லை. அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மாமியார், நாத்தனார், மச்சினர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஆசை எங்கிருந்து வருகிறது?

ஆசை பிறவியிலேயே வருவதல்ல. பார்த்துப் பார்த்து வருவது. இதற்கு வலுவான சான்று மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. அங்கே கிராம ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டது. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையுள்ள 8,453 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பெண் தலைவரே இல்லாத கிராமங்களில் மகனுக்கு ஓர் ஆசை, மகளுக்கு அதைவிடக் குறைந்த ஆசை என்ற நிலை இருந்தது. இரண்டு தேர்தல் காலம் பெண் தலைவர் இருந்த கிராமங்களில் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி 32 விழுக்காடு சுருங்கியது. பெற்றோரிடமும் சுருங்கியது. படிப்பில் ஆண், பெண் வித்தியாசமே மறைந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது. அந்தத் தலைவிகள் புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டியதால் வந்த மாற்றம் அல்ல இது. ‘நம் ஊரில் ஒரு பெண் இதைச் செய்கிறாள்’ என்று கண்ணால் பார்த்ததே பெரும் காரணம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்று 2016-ல் சட்டம் வந்தது. கொல்லிமலை நாடுகளின் ஊராட்சிகளுக்கும் அது பொருந்தும்.

நம் சமுதாயத்திலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். 1938-ல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று இன்று அவரைப் போற்றுகிறோம். 1989-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி, பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். சட்டம் படிக்கச் சொல்லி அவரை ஊக்கப்படுத்தியவர் அவருடைய தந்தை. ஒரு தந்தையின் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மதீனாவிலும் பெண்கள் கேட்டார்கள். ஆண்களே தங்களைச் சூழ்ந்துகொள்வதால் எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் கோரினார்கள். அண்ணலார் அவர்களுக்கென ஒரு நாளை ஒதுக்கி, அன்று போதித்தார்கள். இதுவும் புகாரீயில் உள்ளதே. இருப்பதைக்கொண்டு நிறைவடையுங்கள் என்று சொல்லி அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பவில்லை. மார்க்கம் கற்க வேண்டும் என்ற அவர்களின் ஆசை மதிக்கப்பட்டது.

ஆசை கூடினால் நிம்மதி போகுமா?

ஓர் எதிர்வாதம் வரும். படிப்பும் ஆசையும் கூடினால் பெண்களின் நிம்மதி போய்விடும் என்பது அது. இதற்கு ஆதாரமாக அமெரிக்க ஆய்வு ஒன்றையும் காட்டுவார்கள். பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் 2009-ல் எழுதியது அது. 1970-களிலிருந்து அமெரிக்கப் பெண்களின் கல்வியும் வருமானமும் உயர்ந்தும், அவர்கள் சொல்லும் மகிழ்ச்சி குறைந்திருக்கிறது என்று அதில் கண்டார்கள்.

கண்டது உண்மை. ஆனால் அதிலிருந்து ‘படிக்க வைக்காதே’ என்ற முடிவுக்கு வர முடியாது. வெளி வேலை கூடியபோது வீட்டு வேலை அந்த அளவுக்குக் குறையாமல் இரட்டைச் சுமையானதும் ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. எதிர்பார்ப்பு உயர்ந்ததால், ஒப்பிடும் அளவுகோலும் உயர்ந்தது என்பது மற்றொன்று. சிங்கூர் விதவைகளின் 2.5 விழுக்காட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே குறை சொல்பவரே இல்லை. அந்த நிம்மதியையா நம் மகள்களுக்கு வேண்டுகிறோம்? உடம்பு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த மகளே நலமான மகள். அவள் சொல்வது வீட்டில் எடுபட வேண்டும். அது நம் பொறுப்பு.

அதே நேரத்தில் எல்லா ஆசையும் நல்ல ஆசை என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டு நகையையும் மண்டபத்தையும் பார்த்து வரும் ஆசை, ஆணுக்கு வந்தாலும் பெண்ணுக்கு வந்தாலும் வீட்டைக் கடனில் தள்ளும். அறிவு, ஆரோக்கியம், ஹலாலான தொழில், பிறருக்குப் பயன்படுதல், குடும்பத்தோடு இருக்கும் நேரம் இவற்றுக்கான ஆசை வேறு. போதுமென்ற மனம் முதல் வகைக்குக் கடிவாளம். இரண்டாம் வகையை அடக்க அதைப் பயன்படுத்துவது முறையல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, கேள்வியை மாற்றுவோம். “குறை ஏதும் உண்டா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். “உனக்குத் தினம் இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். உம்மாவிடமும் கேளுங்கள். அறுபது வயதில் உம்மாவுக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது, தனித்தனியாகக் கேளுங்கள். கணவர் முன்னால் மனைவியிடமும், மாமியார் முன்னால் மருமகளிடமும், அத்தா முன்னால் பிள்ளையிடமும் கேட்டால், சபைக்கேற்ற பதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, மகனுக்கும் மகளுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். “என்ன படிக்கப் போகிறாய்?” என்று மகனிடமும், “எப்போது கல்யாணம்?” என்று மகளிடமும் கேட்டால், ஏணியின் உயரத்தை நாமே முடிவு செய்துவிடுகிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவி மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. தகுதியுள்ள நம் வீட்டுப் பிள்ளைகள் இவற்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கல்லூரியில் விசாரியுங்கள்.

நான்காவது, உலக்கையைத் தேடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரை மட்டும் தேய்க்கும் வேலை எது? அதை எடுத்துவிட முடியுமா, பகிர முடியுமா, ஓர் இயந்திரத்திடம் கொடுக்க முடியுமா? பையன்களுக்கும் பாத்திரம் கழுவக் கற்றுக்கொடுங்கள். வெளிநாடு போனால் எப்படியும் கழுவத்தான் போகிறான்.

ஐந்தாவது, ஆண்களிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி “எப்போ அனுப்புறீங்க?” என்று இருக்க வேண்டாம். “சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அங்கே மனசு எப்படி இருக்கு?” என்று இருக்கட்டும்.

ஆறாவது, ஜமாஅத்துகள் நிக்காஹுக்கு முன் மணமக்களோடு பேசும்போது மஹர், சீர் விவரங்களோடு இன்னொன்றையும் பேச வைக்கலாம். ஐந்து வருடத்தில் நீ என்னவாக இருக்க விரும்புகிறாய் என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லட்டும். பத்து நிமிடம் ஆகும். பின்னாளில் பஞ்சாயத்துக்கு ஆகும் பத்து மாதத்தை அது மிச்சப்படுத்தலாம்.

கொல்லிமலைப் பெண்கள் பயிரைப் பற்றிப் பேசினார்கள். கேட்டவர்களுக்கு அவர்களின் வாழ்க்கை தெரிந்தது. அதன் பிறகுதான் எந்த உதவி உண்மையில் உதவி என்பதும் தெரிந்தது. நம் வீட்டு நிலைமையும் இதேதான். “எனக்கென்ன குறை?” என்று சொல்பவருக்காக அல்லாஹ்விடம் நன்றி செலுத்துவோம். அதோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கேள்வியையும் கேட்போம். பதில் உடனே வராது. இன்ஷா அல்லாஹ், மூன்றாவது முறை வரும்.

நம் இல்லங்களில் உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் மன அமைதியையும் நல்ல நாட்டங்களையும் அல்லாஹ் தந்தருள்வானாக.